அர்ஜென்டினாவில் இருவராகப் பதினோரு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் 2023 செப்டம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை ஆறு மாதமும், 2025 மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதமும் அர்ஜென்டினாவில் வாழ்ந்தோம். ஏறக்குறைய பாதி நாள் புவெனஸ் ஐரிஸில், மீதி நாள் ஆண்டிஸ் மலையடிவாரத்து ஊர்களில். திரும்பி வந்த பிறகு உறவினர்கள், நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பதினோரு மாதம் எதற்கு? மூன்று வாரம் போதாதா?

பெரிட்டோ மொரேனோ பனியாற்றையும் இகுவாசு அருவியையும் பார்த்துத் திரும்புவதற்கு மூன்று வாரம் தாராளம். எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. அர்ஜென்டினா பரப்பில் இந்தியாவின் ஆறில் ஐந்து பங்குக்குச் சற்று மேல். மக்கள்தொகையோ ஐந்து கோடியைத் தொடவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்கினர் புவெனஸ் ஐரிஸிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிறார்கள். நள்ளிரவிலும் விளக்கணையாத பெருநகரம் ஒரு பக்கம். அதை விட்டு வெளியே வந்தால் நாள் முழுக்க பஸ்ஸில் போனாலும் தீராத வெட்டவெளி, அதன் மேற்கு எல்லையில் மலை.

இந்த இரண்டையுமே அவசரமாகப் பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. மலை எந்த நாளில் மேகம் விலக்கும் என்பது நம் கையில் இல்லை. நகரத்தில், ஒரே கடைக்கு மாதக்கணக்கில் வருபவரிடம்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அதனால் ஓர் ஊருக்குப் போனால் நான்கு வாரமாவது இருப்பது என்று முடிவு செய்தோம். சால்ட்டாவில் மட்டும் அதை மீறி நான்கே நாளில் கிளம்பினோம். இன்றும் அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விசா எப்படி வாங்கினீர்கள்?

எங்களுடையது இந்தியக் கடவுச்சீட்டு. தூதரகத்தில் விண்ணப்பித்துச் சுற்றுலா விசா பெற்றோம். உள்ளே நுழைந்தபோது 90 நாள் தந்தார்கள்; அது முடிவதற்கு முன்பே குடிவரவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி இன்னொரு 90 நாள் நீட்டித்துக்கொண்டோம். செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்கள் தனி விசா இல்லாமலே வரலாம் என்று 2025 ஆகஸ்டில் அர்ஜென்டினா அறிவித்தது. பயண மருத்துவக் காப்பீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. தெற்கு மலைகளுக்கு அதுதான் காலம். பரிலோச்சே பக்கம் என்றால் ஏப்ரலைப் பரிந்துரைப்பேன்: லெங்கா மரங்கள் மலைச்சரிவு முழுவதும் செம்புச் சிவப்பாகிவிடும், கூட்டமும் வடிந்திருக்கும். வடக்கே ஹுஹுய் மாகாணத்துக்கு மே, ஜூன். மழை இல்லை, வானம் கண்ணாடி, இரவில் மட்டும் கடும் குளிர். நகரத்துக்கு நவம்பர். பிரான்சிலிருந்து வந்த தோட்டக்கலைஞர் கார்லோஸ் தாய்ஸ் 1891 முதல் புவெனஸ் ஐரிஸின் பூங்காக்களுக்குப் பொறுப்பேற்று ஜக்கரண்டா மரங்களை நட்டார். நவம்பரில் தெருவெல்லாம் ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கும்போது அவருக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். இது தெரியாமல் முதல் தடவை தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டை எடுத்தோம். செப்டம்பர் முழுவதும் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வீடு பார்க்கும்போது வடக்குப் பார்த்ததா என்று கேளுங்கள்.

புவெனஸ் ஐரிஸில் எங்கே தங்கினீர்கள்? வாடகை வீடு எளிதாகக் கிடைக்குமா?

இரண்டு தடவையும் அல்மாக்ரோ பகுதியில். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பலெர்மோவில் தங்குகிறார்கள்; அழகான இடம்தான். ஆனால் பழக்கடைக்காரரும் செருப்புத் தைப்பவரும் பள்ளிக்கூடம் விடும் சத்தமும் உள்ள தெரு எங்களுக்கு வேண்டியிருந்தது. அல்மாக்ரோ வழியாக ஓடும் ‘ஏ’ தடம், லத்தீன் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில். 1913 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. பெல்ஜியத்தில் செய்த அதன் பழைய மரப்பெட்டிகள் 2013 ஜனவரி வரை, அதாவது ஏறக்குறைய நூறு ஆண்டு ஓடின. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சூபே என்ற ஒரே அட்டை போதும்.

உள்ளூர்க்காரர்களுக்கான நீண்டகால ஒப்பந்தத்துக்கு அந்நகரில் சொத்து வைத்திருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது வழக்கம். வெளிநாட்டவருக்கு அது இயலாது. ஆகவே மரச்சாமானோடு கூடிய தற்காலிக வாடகை வீடு, பணம் டாலரில். கட்டடப் பராமரிப்புக் கட்டணமான ‘எக்ஸ்பென்சாஸ்’ வாடகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் வீட்டில் நாங்கள் வாய்ச்சொல்லை நம்பினோம். கிளம்பும் நாளில் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கசப்பு ஆற வெகுநாள் ஆனது.

பண விஷயம் மிகவும் குழப்பமானது என்கிறார்களே?

நாங்கள் இரண்டு விதமான அர்ஜென்டினாவைப் பார்த்தோம். 2023-ல் அந்நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதம். அரசு விலையில் ஒரு டாலர், வெளியே ‘நீல டாலர்’ என்று இன்னொன்று. அந்த டிசம்பரில் அரசு, டாலரின் அதிகாரபூர்வ மதிப்பை ஒரே இரவில் 366 பெசோவிலிருந்து 800-க்கு உயர்த்தியது. அப்போது நாங்கள் மலையில் இருந்தோம். மறுநாள் பலசரக்குக் கடைக்குப் போனால் அலமாரியில் ஒரு விலைச்சீட்டுகூட இல்லை. கல்லாவில் இருந்த பெண் எதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியாமல் கண் கலங்கி நின்றார். வெளிநாட்டுப் பயணிக்கு இது மலிவுக் காலமாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது மாதச் சம்பளம் கையிலேயே கரைவது. மலிவு, மலிவு என்று உரக்கப் பேசுவதை அன்றோடு விட்டோம்.

2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு விலைக்கும் இடையிலான பெரிய இடைவெளி போய்விட்டது. ஆனால் டாலர் கணக்கில் எல்லாமே விலையேறியிருந்தது. எங்கள் செலவு முதல் தடவையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. டாலர் நோட்டுகள் கொண்டுபோனால் புதிய, மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டுகளாக இருக்கட்டும். சிறிய முகம் அச்சிட்ட பழைய நோட்டைச் ‘சின்ன முகம்’ என்று பெயர் வைத்தே ஒதுக்குவார்கள். வாங்கினாலும் மதிப்பைக் குறைப்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர் என்ன செய்வது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நான் சைவம், கணவர் எல்லாம் சாப்பிடுவார். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சில நுணுக்கங்கள் தெரிய வேண்டும்.

‘கார்னே’ என்றால் அங்கே மாட்டிறைச்சி. ‘கார்னே இல்லாமல்’ என்று கேட்டால் கோழியோ பன்றித் துண்டோ போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் நல்ல மனதோடுதான். மாடு, கோழி, பன்றி, மீன் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காலையில் எல்லோரும் உண்ணும் பிறை வடிவ ‘மெதியலூனா’ ரொட்டி இரண்டு வகை: வெண்ணெயில் செய்தது, கொழுப்பில் செய்தது. இரண்டாவதில் மாட்டுக்கொழுப்பு இருக்கும். உள்ளே பூரணம் வைத்துச் செய்யும் எம்பனாடாவின் மேல்மாவிலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான் சேர்ப்பார்கள். உள்ளே சோளம் மட்டும் இருந்தாலும் கேட்டுவிட்டே வாங்குவேன்.

கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபைனா. கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்ட தட்டையான அடை. இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. வெங்காயமும் பாலாடைக்கட்டியும் குவிந்த ஃபுகசெட்டா பீட்சாவின் மேல் இதை வைத்துச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை சமைத்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைப்பார்கள். அடுத்த மாதம் பணம் சேரும் என்று நம்பிக்கை.

வீட்டுச் சமையலுக்குப் பருப்பும் சீரகமும் ‘தியெத்தேத்திகா’ எனப்படும் சிறு கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். காரம்தான் கிடைக்காது. லினியேர்ஸ் பகுதியில் பொலிவியர்களின் சந்தை இருக்கிறது; அங்கே லொகோத்தோ என்ற தடித்த மிளகாய் கிடைத்த நாளில் நான் வைத்த ரசத்தை மறக்க முடியாது. அதன் விதை கறுப்பாக இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

நகரத்தில் நாள் எப்படிப் போகும்?

எல்லாமே தாமதமாக. இரவு ஒன்பது மணிக்கு முன் உணவகத்துக்குப் போனால் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். டாங்கோ ஆடும் மிலோங்காக்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் களைகட்டும். அங்கே ஆடக் கூப்பிடுவதற்கு வாய் திறப்பதில்லை: எதிர்ப்பக்கம் இருப்பவரைப் பார்த்துக் கண்ணாலும் தலையசைப்பாலும் கேட்பார்கள், விருப்பமில்லாதவர் பார்வையை விலக்கிக்கொள்வார். நாங்கள் மூன்று மாதம் வாரம் இருமுறை வகுப்புக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டிய தம்பதிகள் கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தரையிலிருந்து எடுக்காமலே நடப்பதுபோல் ஆடுவதைப் பார்த்த பிறகு, மேடையில் நடத்தும் டாங்கோ காட்சிகளுக்குப் போகும் ஆசை எங்களுக்குப் போய்விட்டது.

பகலில் ஒரு கோர்த்தாதோ காப்பியோடு கஃபேயில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழச் சொல்ல மாட்டார்கள். ரிவதாவியா பூங்காவில் பழைய புத்தகக் கடைகள். ஞாயிறு என்றால் ரெத்திரோ நிலையத்திலிருந்து மித்ரே ரயிலில் ஏறி ஆற்றங்கரையோரமுள்ள சான் இசித்ரோவுக்கு. 1924 நவம்பரில் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடல்நலம் குன்றிப் புவெனஸ் ஐரிஸில் இறங்கிய தாகூரை, எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அங்கேதான் மிரல்ரியோ என்ற வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் ‘கீதாஞ்சலி’யை ஆந்த்ரே ஜீதின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்திருந்தவர். தாகூர் ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கினார். ‘பூரபி’ கவிதைத் தொகுப்பை ‘விஜயா’வுக்கு என்று அவருக்கே காணிக்கையாக்கினார். ஒகாம்போ தம் சொந்த மாளிகையைப் பின்னாளில் யுனெஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார். அதன் தோட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும் பக்கத்து மேசைப் பெண்மணி தாகூரைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

மாத்தே என்பது என்ன? வெளியாள் குடிக்கலாமா?

சுரைக்குடுக்கையில் யெர்பா இலைத்தூளை முக்கால் பங்கு நிரப்பி, கொதிக்காத வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சும் கசப்புப் பானம். ஒருவர் ஊற்றித் தருவார். ஒரே குடுக்கை, ஒரே குழல், எல்லோருக்கும் சுற்றி வரும். எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் வாரம் கை நீளவில்லை. பிறகு புரிந்தது: அதைத் தருவது, எங்களோடு உட்காருங்கள் என்று சொல்வது. குழலை அசைக்காதீர்கள். ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள்; அடுத்த சுற்றில் உங்களுக்கு வராது.

மலையேற்றம் பழக்கமில்லாதவர்கள் எங்கே தொடங்கலாம்?

பரிலோச்சே. நாவெல் ஹுவாபி ஏரிக்கரையில் இருக்கிறது. 1903-ல் ஆய்வுப் பயணி பிரான்சிஸ்கோ மொரேனோ தமக்கு அரசு கொடுத்த நிலத்திலிருந்து ஒரு பகுதியை, பொதுமக்களுக்கான பூங்காவாக வைக்க வேண்டும் என்று நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தேசியப் பூங்கா. மலைமேல் ‘ரெஃபூஹியோ’ என்ற தங்குகுடில்கள் இருப்பதால் கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. எங்கள் முதல் ஏற்றம் ஃப்ரே குடிலுக்கு: நான்கு மணி நேரம், கடைசியில் ஒரு சிறு ஏரி, அதைச் சுற்றி ஊசி ஊசியாகக் கருங்கல் சிகரங்கள். குடிலில் சூப்பும் படுக்கையும் கிடைக்கும். முன்பதிவும், கிளம்பும் முன் இணையத்தில் பெயர்ப் பதிவும் கட்டாயம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தீ. 2025 கோடையில் பக்கத்து ஊரான எல் போல்சோனில் வீடுகளே எரிந்தன. நாங்கள் ஏப்ரலில் போனபோதும் கரிந்த மரங்களின் வாசம் போகவில்லை. அடுப்பு என்றால் எரிவாயு அடுப்பு மட்டும், அனுமதித்த இடத்தில் மட்டும். இரண்டு, ஹந்தா வைரஸ். அந்தக் காடுகளில் வாழும் நீளவால் எலியிடமிருந்து பரவுவது, உயிரைப் பறிக்கக்கூடியது. பூட்டிக் கிடந்த மரவீட்டைத் திறந்தால் அரைமணி நேரம் காற்றோட விட்ட பிறகே நுழையுங்கள்; ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். உணவை மூடி வையுங்கள்.

எல் சால்தேன் எப்படி?

என் வாழ்வில் நான் தங்கியதிலேயே காற்று மிகுந்த ஊர். எல்லையில் ஊர் வேண்டும் என்று 1985-ல் அரசு அமைத்த குடியிருப்பு. நான்கு தெருவில் முடிந்துவிடும், தெரு முடியும் இடத்தில் மலைப்பாதை தொடங்கும். மேலே 3,405 மீட்டர் ஃபிட்ஸ் ராய். தெவெல்ச்சே பூர்வகுடி மக்கள் வைத்த பெயர் சால்தேன், ‘புகையும் மலை’. எரிமலை அன்று, உச்சியில் எப்போதும் மேகம் புகைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் டிசம்பர் முதல் வாரத்தில் போய் ஐந்து வாரம் இருந்தோம். என் நாட்குறிப்பைப் பார்த்தால் உச்சி முழுதாகத் தெரிந்த நாள் ஒன்பது. மூன்று நாளுக்கு வந்து ஒன்றும் பார்க்காமல் திரும்பியவர்களைத் தினமும் பஸ் நிலையத்தில் பார்த்தோம். தெளிந்த நாளில் லகூனா தெ லோஸ் த்ரெஸ் ஏரிக்கு அதிகாலையிலேயே கிளம்புங்கள். போக மட்டும் பத்து கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர் சாதுவான நடை, கடைசி ஒன்று செங்குத்தான கல்லேற்றம். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஏறி முடித்ததும் நீல ஏரியும் அதன்மேல் நேராக எழும் பாறைச்சுவரும் ஒன்றாகக் கண்ணில் விழும். நானும் அவரும் அரைமணி நேரம் பேசவில்லை.

கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் இறங்கப் பயமில்லை. நாங்கள் போனபோது பாதைகளுக்குக் கட்டணம் இல்லை; 2024-ன் பிற்பகுதியிலிருந்து வாங்குகிறார்கள். காய்கறி வெகுதூரத்திலிருந்து லாரியில் வருவதால் விலை அதிகம். பருப்பை நகரத்திலேயே வாங்கிக்கொண்டு போனது நல்லதாயிற்று.

அகோன்காகுவா ஏறினீர்களா?

இல்லை. ஆசியாவுக்கு வெளியே உலகின் மிக உயர்ந்த சிகரம் அது, 6,961 மீட்டர். 2025 மார்ச்சில் மெண்டோசாவில் தங்கியிருந்தபோது, ஏறக்குறைய 3,400 மீட்டரில் இருக்கும் கன்ஃப்லுவென்சியா முகாம் வரை நடந்தோம். மெண்டோசாவே தனியாக எழுத வேண்டிய ஊர்: மழை அரிதான வறண்ட பூமி, ஆனால் தெருவெங்கும் நிழல். ஹுவார்ப்பே பூர்வகுடி மக்கள் தொடங்கிவைத்த பாசன முறையைப் பின்பற்றி, ஆண்டிஸின் பனிநீரை ஒவ்வொரு தெருவோரமும் வாய்க்காலில் ஓடவிட்டு மரம் வளர்க்கிறார்கள். நடைபாதையில் கவனம் தேவை. வாய்க்கால்களுக்கு மூடி கிடையாது.

வடக்கே உயரம் ஒத்துக்கொள்ளுமா?

மெதுவாகப் போனால் ஒத்துக்கொள்ளும். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஹுஹுய் மாகாணத்தின் ஹுமாவாக்கா ஊரே ஏறக்குறைய 3,000 மீட்டர். நாங்கள் திரும்பத் திரும்பச் செய்த தவறு அவசரம்தான். சால்ட்டாவிலிருந்து வந்த மறுநாளே, ஓர்னோகால் என்ற வண்ண மலையைப் பார்க்க, 4,350 மீட்டரில் இருக்கும் காட்சிமுனைக்கு வண்டி பிடித்தோம். எனக்குத் தலை பிளந்தது, வாந்தி. வண்ண அடுக்குகள் எதையும் பார்க்காமல் இறங்கினேன். பிறகு 2,460 மீட்டரில் உள்ள தில்காராவில் நான்கு வாரம் தங்கி, மறுபடி போனபோது ஒன்றும் செய்யவில்லை. மாலை வெயில் மேற்கிலிருந்து அடிக்கும்போது மலை மடிப்பு மடிப்பாகப் பற்றிக்கொள்வதுபோல் தெரியும். பூர்மமார்க்காவின் ஏழுவண்ண மலைக்குக் காலை வெயில் வேண்டும். கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்குவது அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வழக்கம். ஆனால் அந்த இலையைத் தப்பித்தவறியும் பெட்டியில் வைத்து நாட்டை விட்டு எடுத்து வராதீர்கள்.

எப்போதும் இருவரே என்றால் சண்டை வராதா?

வந்தது. அவருடைய நடை வேகம், என் நடை மெது. முதல் மாதம் அவர் முன்னே போய், ஓய்வெடுத்து, நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார். ஓய்வு அவருக்கு மட்டும்தான் கிடைத்தது. ஒருநாள் காற்றில் கத்திச் சொன்னேன். அன்றிலிருந்து மலையில் நான்தான் முன்னே, அவர் பின்னே. அவருக்கும் அதற்குப் பிறகுதான் பறவைகள் கண்ணில் பட்டன என்றார்.

நகரத்தில் சிக்கல் வேறு. ஒற்றை அறை வீடு, மொழி தெரியாத ஊர், பேச வேறு ஆள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பிற்பகல் அவரவர் வழி என்று வைத்துக்கொண்டோம். நான் தேசிய நூலகத்துக்கு, அவர் பேட்டைக் கால்பந்துக்கு. இரவில் சொல்லிக்கொள்ள இருவருக்கும் ஏதாவது இருந்தது. பணக்கணக்கை ஒருவரே பார்க்காமல் மாதம் மாறி மாறிப் பார்த்ததும் எங்களைக் காப்பாற்றியது.

பாதுகாப்பாக இருந்ததா?

மலையூர்களில் கவலையே இல்லை. நகரத்தில் பைக்கில் வந்து போனைப் பறிப்பது உண்டு. பஸ் நிறுத்தத்தில் என் கணவர் அப்படித்தான் இழந்தார். தெருவோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள்.

ஸ்பானிய மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், வாழ முடியாது. போவதற்கு முன் ஆறு மாதமாவது படியுங்கள். ‘நீ’ என்பதற்குப் பாடப்புத்தகத்தில் வரும் ‘தூ’ அங்கே இல்லை, ‘வோஸ்’தான். மழை என்பதைப் பாடத்தில் ‘யூவியா’ என்று படித்திருப்பீர்கள். புவெனஸ் ஐரிஸில் அது ‘ஷூவியா’.

மறுபடி போவீர்களா?

போவோம். ஆகஸ்ட் 1 அன்று வடக்கு மலையூர்களில் பச்சமாமாவுக்கு, பூமித்தாய்க்கு, படையல். நிலத்தில் குழி தோண்டி, சமைத்த உணவும் சோள மதுவும் கோக்கா இலையும் இட்டு, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு மூடுவார்கள். நாங்கள் ஜூலைக் கடைசியில் விமானம் ஏறிவிட்டோம். தில்காராவில் எங்களுக்கு வீடு கொடுத்த அம்மாள், குழி தோண்டும் இடத்தைக் கொல்லையில் காட்டியிருந்தார். அடுத்த தடவை ஜூலையிலேயே வந்துவிடுங்கள், விறகு பிளக்க ஆள் வேண்டும் என்றார்.